பதிவுப் பொத்தானை அழுத்தியவரின் குரல்

கணவனோ மனைவியோ மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாமா என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் உடனே பதில் வந்துவிடுகிறது. தவறு செய்யாதவர் எதற்குப் பயப்பட வேண்டும் என்கிறார்கள் பாதிப் பேர். வீட்டுக்குள்ளேயே வேவு பார்த்தால் அது குடும்பமா என்கிறார்கள் மீதிப் பேர். இரண்டையும் மதிக்கிறேன், இரண்டும் எனக்குப் போதவில்லை. ஏனென்றால் அந்தப் பதிவுகளைக் காதில் கேட்கிறவள் நான். தம்பு செட்டித் தெருவிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் அலுவலகம் வைத்திருக்கும் சில வக்கீல்களுக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டு, எழுத்தாக்கி, தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் கிரயப் பத்திரங்களும் பாகப்பிரிவினைப் பத்திரங்களும்தான் தட்டச்சுக்கு வரும். இப்போது வருகிறவற்றில் பெரும்பகுதி பென் டிரைவ். அதிலும் பெரும்பகுதி, உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்பநல நீதிமன்றங்களுக்குப் போகிறது.

இங்கே நான் சொல்லப்போகும் வழக்குகளில் தொழில், உறவு, குடியிருக்கும் இடம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களே படித்தாலும் தங்களை அடையாளம் காண முடியாத அளவுக்கு மாற்றியிருக்கிறேன் என்று நம்புகிறேன். மாற்றாமல் வைத்திருப்பது என் காதில் விழுந்ததை மட்டும்தான்.

பேச்சு மட்டும் வருவதில்லை. வாட்ஸ்அப் உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட்டுகள் வருகின்றன. திருட்டுப் பயத்துக்கென்று கூடத்தில் மாட்டிய கேமராவின் காட்சிகள் வருகின்றன. பழைய மாமல்லபுரம் சாலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில், எந்த வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று காவலாளி செயலியில் ஏற்றிய விவரம் வருகிறது. சுங்கச்சாவடியைக் கார் தாண்டியதும் போனுக்கு வரும் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி, கூகுள் வரைபடத்தில் பதிவான, போய்வந்த இடங்களின் விவரம், யுபிஐ கணக்கு விவரம் எல்லாம் வழக்குக் கட்டுக்குள் சேர்கின்றன. ஒரு வழக்கில், வேலை முடிய நேரமாகும் என்று மனைவி சொன்ன மாலையில் பெசன்ட் நகர்க் கடை ஒன்றுக்கு அவர் அனுப்பிய தொகையின் மேல் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் அவ்வளவு ஆகாது என்பது கணவர் தரப்பு வாதம். உடன் இருந்தது தன் அக்கா என்று விளக்க அந்தப் பெண்ணின் பதில் மனுவில் ஒரு பத்தி முழுவதும் செலவானது. அக்காவுக்கும் கணவர் வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை; அதனால்தான் வீட்டில் சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கிறார். தன் கூடப்பிறந்தவளோடு டிபன் சாப்பிட்டதை ஒரு பெண் நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது.

பரமக்குடியும் பட்டிண்டாவும்

2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கு அது. மனைவியின் கைப்பேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து, கணவர் ஆவணமாகத் தாக்கல் செய்திருந்தார். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் அடிப்படை உரிமை என்று உறுதி செய்த தனியுரிமை, கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு. அதை மீறிப் பெற்ற ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்றார் நீதிபதி. ஒருவர் மற்றவரை வேவு பார்ப்பது மணவாழ்வின் இழையையே அறுத்துவிடும் என்பது அவருடைய பார்வை. மின்னணு ஆதாரங்களைச் சோதித்துச் சொல்லத் தமிழ்நாட்டில் போதிய நிபுணர்களை அறிவிக்கும்படி மத்திய அமைச்சகத்துக்கும் உத்தரவிட்டார்.

ஒன்பது மாதம் ஆவதற்குள், 2025 ஜூலை 14 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு வேறொரு வழக்கில் வேறு விதமாகச் சொன்னது. பஞ்சாபில் பட்டிண்டா குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. மனைவியுடன் பேசிய தொலைபேசி உரையாடல்களைக் கணவர் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வைத்திருந்தார். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தம்பதியரின் அந்தரங்கப் பேச்சுக்குத் தரும் பாதுகாப்பு, அந்தத் தம்பதியரே எதிரெதிராக நிற்கும் வழக்கில் தடையாக இருக்காது. நியாயமான விசாரணைக்கான உரிமையும் உரிமைதான் என்றது நீதிமன்றம். ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால், உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி என்றும் சொன்னது.

அந்த வாரத்தில் நான் போன ஒவ்வொரு அலுவலகத்திலும் இதே பேச்சு. "இனிமேல் எல்லாம் செல்லும் அக்கா, உங்களுக்கு வேலை கூடும்" என்றாள் ஒரு ஜூனியர் பெண். எல்லாம் செல்லும் என்பதுதான் மக்கள் காதுக்கும் போய்ச் சேர்ந்த செய்தி. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டு வழக்குகளின் சங்கதியும் ஒன்றல்ல. பட்டிண்டாக் கணவர் பதிவு செய்தது, மனைவி அவரிடமே பேசிய பேச்சை. பரமக்குடிக் கணவர் எடுத்தது, மனைவி பிறரோடு பேசிய அழைப்புகளின் விவரத்தை. என்னிடம் சொல்லப்பட்டதை நான் பத்திரப்படுத்துவது வேறு. நான் இல்லாத இடத்தில், எனக்கென்று சொல்லப்படாததைக் கதவிடுக்கில் நின்று எடுப்பது வேறு. சட்டம் படித்தவர்கள் இதை இன்னும் நுட்பமாகச் சொல்லக்கூடும். எனக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமாகப் படுகிறது. "எல்லாம் செல்லும்" என்ற பேச்சில் அது காணாமல் போய்விட்டது என்பது உறுத்துகிறது.

இது கைப்பேசியோடு பிறந்த சிக்கலும் அல்ல. 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், பம்பாயில் இருந்த கணவர் திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டில் இருந்த மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். அவற்றில் மாமனாரைப் பற்றி அவதூறாக எழுதியிருந்ததாகப் புகார். மனைவி கடிதங்களை அப்பாவிடம் கொடுத்தார், அப்பா வழக்குத் தொடுத்தார். கடிதத்தில் இருந்ததை மனைவியின் வாயால் சொல்ல வைக்க முடியாது, ஆனால் வேறு வழியில் கடிதத்தை நிரூபிக்கத் தடையில்லை என்றது நீதிமன்றம். கடிதம் எழுதுகிறவருக்குத் தான் எழுதுவது காகிதத்தில் நிற்கும் என்பதாவது தெரியும். அடுப்படியில் நின்று பேசுகிறவருக்கு அது தெரியாது.

பாத்திரச் சத்தம்

என்னைத் தூங்க விடாத பதிவு ஒன்று உண்டு. கணவர் தரப்பு வக்கீல் கொடுத்தது. கொடூரம் என்ற காரணத்தின் கீழ் விவாகரத்துக் கோரிய மனு. மனைவி தன்னையும் தன் தாயையும் கேவலமாகப் பேசுகிறார் என்பது குற்றச்சாட்டு. மூன்று சிறு துண்டுகளை மட்டும் எழுதித் தந்தால் போதும் என்றார்கள். துண்டுகளைக் கேட்டேன். ஒரு பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள். காது கூசும் வசவுகள். நடுநடுவே ஆண்குரல்: "ஏன் இப்படிப் பேசுகிறாய்? நான் என்ன சொல்லிவிட்டேன்?" அவ்வளவுதான். தாளில் இறக்கினால் யார் பக்கம் நியாயம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும்.

ஒரு துண்டில் சில சொற்கள் தெளிவாக இல்லை. மூலக்கோப்பு இருந்தால் கொடுங்கள், முன்னும் பின்னும் கேட்டால் பிடிபடும் என்று கேட்டேன். குமாஸ்தா கொண்டுவந்து கொடுத்தார். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பதிவு அது. முதலில் துணி உரசும் ஓசை. போன் சட்டைப் பையில் இருந்திருக்க வேண்டும். பிறகு அந்த ஆண்குரல். அதைக் கேட்டவுடனே எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "இன்று வெள்ளிக்கிழமை. மணி ஒன்பதரை. நான் அலுவலகத்திலிருந்து வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. நீ இன்னும் எனக்குச் சாப்பாடு போடவில்லை" என்கிறார். பேச்சு வழக்கில் இருந்ததை இங்கே எழுத்து நடையில் தருகிறேனே தவிர, கிழமையும் மணியும் அவர் சொன்னவைதான். எந்த வீட்டில், எந்தக் கணவன், மனைவியிடம் கிழமையைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குகிறான்? அவர் மனைவியிடம் பேசவில்லை. இன்னும் பார்க்காத ஒரு நீதிபதியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மனைவி பதில் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் விழுகிறது, பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிபடுகின்றன. அவர் நிதானமாகக் கேட்கிறார்: "உன் அப்பா உன்னை இப்படித்தான் வளர்த்தாரா?" பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதே நிதானத்தில், அதே கேள்வி. பிறகு மறுபடியும். குரல் உயரவே இல்லை. ஒவ்வொரு முறையும் அப்பா என்ற சொல் வருகிறது. அந்தப் பெண்ணின் அப்பா இறந்து ஓராண்டு ஆகவில்லை என்பது மனுவிலிருந்து எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் இப்படியே போகிறது. பிறகு அவர் அவளுடைய தங்கையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறார். அதை நான் எழுதப்போவதில்லை. பாத்திரச் சத்தம் நிற்கிறது. தண்ணீர் மட்டும் ஓடுகிறது. அதன் பிறகுதான் அந்த அலறல். வக்கீல் கேட்ட முதல் துண்டு, தண்ணீர்ச் சத்தம் நின்ற நொடியிலிருந்து தொடங்குகிறது.

கடைசியில் ஒரு குழந்தையின் குரல். "அப்பா, உங்கள் பையில் போன் எரிகிறது. யாரிடம் பேசுகிறீர்கள்?" இரண்டு நொடியில் பதிவு முடிந்துவிடுகிறது.

நான் சீனியரிடம் போய்ச் சொன்னேன். சார், முழுப் பதிவையும் எழுதினால் வேறு மாதிரி வரும் என்றேன். அவர் நல்ல மனிதர். கட்சிக்காரருக்காக வாதாடுவது அவர் கடமை. "எழுதச் சொன்ன பகுதியை எழுதுங்கள் அம்மா. மீதியை எதிர்த்தரப்பு கேட்டுக்கொள்ளட்டும்" என்றார். முறைப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. குறுக்கு விசாரணை அதற்குத்தான் இருக்கிறது. முழுக்கோப்பைக் கேட்டு மனுப் போடலாம், குரலை மறுக்கலாம், வெட்டப்பட்டது என்று நிரூபிக்கலாம். அதற்கு எதிர்த்தரப்பில் நேரம் ஒதுக்கும் வக்கீலும், வாய்தாவுக்கு வாய்தா அலையத் தெம்பும், கையில் காசும் இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாறிப் பாரிமுனைக்கு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருக்கும் பெண்களைப் பார்த்தால், முழுக்கோப்பைக் கேட்டு மனுப் போடப்போகிறவர்களாக எனக்குத் தோன்றுவதில்லை.

பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2021இல் இதே பட்டிண்டா வழக்கில் பதிவுகளை ஏற்க மறுத்தபோது சொன்ன ஒரு காரணம் உண்டு. இரகசியமாகப் பதிவு செய்யும்போது, எந்தச் சூழ்நிலையில், எந்த விதமாகத் தூண்டி அந்தப் பதில் வரவழைக்கப்பட்டது என்பதை நீதிமன்றம் எடைபோட முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. சட்டமாக அது இன்று செல்லாது. அனுபவமாக அது உண்மை என்பதற்கு என் ஹெட்போன் சாட்சி.

1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. ஒன்றைத் தாக்கல் செய்பவர் தர வேண்டும், மற்றொன்றை நிபுணர் தர வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்புக்குக் கைரேகை போலக் கணினி கணக்கிட்டுத் தரும் குறியீட்டையும், அதில் எழுத வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், அதன் பிறகு ஒட்டுவேலை செய்தால் பிடிபடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஹாஷ் மதிப்பு காப்பாற்றுவது கோப்பைத்தான். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது, அழுத்தியவர் அன்று மட்டும் ஏன் அவ்வளவு சாந்தமாக இருந்தார் என்பதற்கு எந்த மதிப்பும் கணக்கிட முடியாது. வெட்டாத, ஒட்டாத, சான்றிதழ் பெற்ற பதிவும் பொய் சொல்லும். அதில் ஒருவர் மட்டும்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறார், மற்றவர் நடித்துக்கொண்டிருக்கிறார்.

சிம் கார்டு யார் பெயரில்

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே சட்டம்தானே, மனைவியும் பதிவு செய்யலாமே என்பார்கள். செய்கிறார்கள். கணவனின் கூகுள் கணக்கில் நுழைந்து, அவர் இரண்டு வருடம் போய்வந்த இடங்களை அச்செடுத்து வந்த மனைவியின் வழக்குக் கட்டையும் நான் தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் நம் வீடுகளில் கருவிகள் யார் பெயரில் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள். மனைவியின் சிம் கார்டு கணவன் பெயரில், சில வீடுகளில் மாமனார் பெயரில். வைஃபை கணக்கு அவன் பெயரில். கேமராவின் செயலி அவன் போனில். காரின் ஃபாஸ்டேக் அவன் எண்ணில். அவள் போனின் திறப்பு எண் அவனுக்குத் தெரியும். "நமக்குள் என்ன ஒளிவு மறைவு" என்று கல்யாணமான புதிதில் வாங்கிக்கொண்டது. அவன் போனின் எண் அவளுக்குத் தெரியாது. அது அலுவலக போன். துபாயில் வேலை பார்த்துக்கொண்டு, அம்பத்தூர் வீட்டுக் கூடத்தில் மனைவியும் மாமியாரும் பேசுவதைக் கேமராவின் ஒலிவாங்கி வழியாகத் தினமும் கேட்டவரின் வழக்கு எனக்கு வந்தது. அந்தக் கேமராவில் ஒலியும் பதிவாகும் என்பது அவர் மனைவிக்கு மனுவின் நகல் கையில் கிடைத்த அன்றுதான் தெரிந்தது.

டெல்லியில் இதைவிடக் கடுமையான ஒன்று நடந்தது. படுக்கையறையில் கணவர் வைத்த கேமராவில், மனைவி தோழியிடம் போனில் பேசியது பதிவானது. அதைக் குடும்பநல நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2020இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1984ஆம் ஆண்டு குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதோ இல்லையோ, தகராறைத் தீர்க்க உதவும் எதையும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்தப் பிரிவு எழுதப்பட்ட நோக்கம் எனக்குப் புரிகிறது. சட்ட நுணுக்கம் தெரியாத சாமானியர்கள் ஒரு கடிதத்தையோ மருத்துவச் சீட்டையோ நீட்டினால், வடிவம் சரியில்லை என்று தள்ளிவிடக் கூடாது என்ற இரக்கம் அதில் இருக்கிறது. 1984இல் படுக்கையறைக் கேமராவை யாரும் நினைத்திருக்க முடியாது. இன்று ரிச்சி தெருவில் போன் சார்ஜர் வடிவத்தில் கேமரா கேட்டால் எடுத்துப் போடுகிறார்கள்.

ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ மற்ற மின்னணுத் தொடர்பையோ கண்காணிப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாயச் சட்டத்தின் 78ஆம் பிரிவில் பின்தொடரும் குற்றமாகவே இருக்கிறது. கணவனுக்கு அதில் விலக்கு என்று எழுதப்படவில்லை. ஆனாலும் பிறன் செய்தால் குற்றமாகத் தெரிவது, கணவன் செய்தால் ஆதாரம் திரட்டுவதாகத் தெரிகிறது. தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, அது சட்டமாகவில்லை. கல்யாணத்துக்கு முன் விசாரணை, கல்யாணத்துக்குப் பின் விசாரணை என்று நகரத்தில் அவர்களுடைய விளம்பரங்கள் மட்டும் குறையவில்லை.

அரிசி டின்னுக்குப் பின்னால்

அப்படியானால் எல்லா இரகசியப் பதிவையும் தள்ளிவிடலாமே என்றால், என்னால் தலையாட்ட முடியாது. இன்னொரு பென் டிரைவ் இருக்கிறது. ஒரு பெண், சமையலறையில் அரிசி டின்னுக்குப் பின்னால் போனைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்தது. அதில் அவள் குரல் மிகக் குறைவு. மாமியார் பேசுகிறார், கணவன் பேசுகிறான். நகை, வட்டி, தம்பியின் பைக், பிறகு பெண் குழந்தை பிறந்தது. பிறகு ஒரு சத்தம். எழுத்தாக்கத்தில் அதை என்னவென்று எழுதுவது? அறைந்த சத்தம் என்று எழுதினால் நான் முடிவு சொன்னதாகிவிடும். "ஓசை" என்று எழுதி நேரத்தைக் குறித்தேன். அப்படி அந்தப் பதிவில் பல இடங்களில் குறிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன சாட்சி இருந்திருக்கும்? பக்கத்து வீட்டார் வர மாட்டார்கள். மருத்துவமனைக்குப் போனால் "கால் தடுக்கி விழுந்தேன்" என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். அம்மா வீட்டில் "கொஞ்சம் பொறுத்துப் போ" என்றிருக்கிறார்கள். நான்கு சுவருக்குள் நடப்பதற்கு நான்கு சுவர்தான் சாட்சி என்று இருந்த காலம் பெண்களுக்கு நல்ல காலமாக இருந்ததில்லை. அந்தப் போன் அவளுக்கு ஒரு மனிதர் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தது. அவளிடம் போய், உன் கணவனின் தனியுரிமையை மீறிவிட்டாய் என்று எந்த நீதிமன்றம் சொன்னாலும் அது அநீதி. உச்ச நீதிமன்றத்தின் 2025 தீர்ப்பால் இப்படிப்பட்ட பெண்களுக்குத்தான் மிகப் பெரிய நன்மை என்று ஒரு மூத்த பெண் வக்கீல் என்னிடம் சொன்னார். மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இந்த இரண்டு பென் டிரைவ்களையும் மாற்றி மாற்றி நினைத்ததில் நான் வந்து நிற்கும் இடம் இதுதான். தன் மேல் நடந்ததை, தன்னிடம் பேசப்பட்டதைப் பதிவு செய்தவருக்கு நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும்; அவர் முழுக்கோப்பையும் கொடுத்தாக வேண்டும், துண்டு கூடாது. அதைக் கேட்கும் நீதிபதி, கத்தியவரின் குரலைக் கேட்கும் அதே கவனத்தோடு, கத்தாதவரின் குரலையும் கேட்க வேண்டும். அரிசி டின் பதிவில் அந்தப் பெண் யாருக்காகவும் நடிக்கவில்லை. பேச்சைத் திருப்பவில்லை, கேள்வி கேட்டுத் தூண்டவில்லை, கிழமை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்காரரின் பதிவில் ஒவ்வொரு வாக்கியமும் ஜோடிக்கப்பட்டது. கேட்கத் தெரிந்த காதுக்கு இந்த வேறுபாடு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அவ்வளவு நீளப் பதிவை முழுதாகக் கேட்க, நாளொன்றுக்கு அத்தனை வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்துக்கு நேரம் ஏது? கேட்பதற்குப் பதிலாகத் தாளைத்தான் படிக்கிறார்கள். நான் தட்டச்சு செய்த தாளை. தாளில் நிதானம் நியாயமாகத் தெரிகிறது. ஆத்திரம் குற்றமாகத் தெரிகிறது.

அதனால் இப்போதெல்லாம் முழுக்கோப்பு தராமல் துண்டுகளை மட்டும் எழுதச் சொன்னால் நான் வேலையை எடுப்பதில்லை. எழுதும்போது மௌனங்களுக்கும் நேரம் குறிக்கிறேன். தண்ணீர் ஓடுகிறது, பாத்திரச் சத்தம், சத்தம் நிற்கிறது, குழந்தை பேசுகிறது என்று பின்னணியில் கேட்பதை எல்லாம் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறேன். சில அலுவலகங்கள் எனக்கு வேலை தருவதை நிறுத்திவிட்டன.

தன்னிடம் பேசியதை அல்லாமல், கணவனோ மனைவியோ இன்னொருவரோடு பேசியதை, எழுதியதை, போன இடங்களை மற்றவர் எடுத்து வருவது பற்றி என் கருத்து இன்னும் கடுமையானது. கள்ள உறவு 2018இல் குற்றம் என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டாலும் விவாகரத்துக்குக் காரணமாக நீடிக்கிறது, அதை நிரூபிக்க வேறு என்ன வழி என்று கேட்பார்கள். நீதிமன்றத்தின் மூலம் கேட்கலாம். தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஆவணத்தை வரவழைக்க மனுப் போடலாம். தேவையா, எவ்வளவு தேவை, எந்தத் தேதிக்கு மட்டும் தேவை என்று ஒரு நீதிபதி பார்த்து முடிவு செய்வார். மெத்தைக்கு அடியில் தேடுகிறவருக்கு அப்படி எந்த அளவும் கிடையாது. அவர் அத்தனையையும் படிக்கிறார்: மனைவி தன் அம்மாவிடம் சொன்னதை, மருத்துவரிடம் கேட்டதை, தோழியின் கருச்சிதைவைப் பற்றி எழுதியதை. அந்தத் தோழி இந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை. அவளுடைய துக்கம் எங்கோ ஒரு வழக்குக் கட்டுக்குள் பக்க எண் போட்டுத் தைக்கப்பட்டிருக்கிறது.

வழக்கு முடிந்த பிறகு

வெள்ளிக்கிழமைக்காரரின் வழக்கு விசாரணைக்கே போகவில்லை. சமரச மையத்தில் உட்கார்ந்து பேசி, 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனுவாக மாற்றிக்கொண்டார்கள். குழந்தையை எப்போது யார் பார்ப்பது, நகையைத் திருப்பித் தருவது, ஒரே தவணையில் ஜீவனாம்சம் என்று எல்லாம் பேசி எழுதினார்கள். பதிவை யாரும் நீதிமன்றத்தில் ஒலிக்கவிடவில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் கோப்பு எங்கே போனது? மூலம் அந்தக் கணவரின் போனில் இருக்கிறது. நகல் வக்கீல் அலுவலகத்துக் கணினியில். இன்னொன்று மனுவோடு தாக்கலானது, இன்னொன்று எதிர்த்தரப்புக்குக் கொடுத்தது. போனிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றித் தந்த கடைக்காரரின் கணினியிலும் இருக்கலாம். என்னிடம் இருந்ததை வேலை முடிந்ததும் அழித்துவிட்டேன். அது என் வழக்கம், யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்தக் குழந்தையின் குரலும் அதில் இருக்கிறது. நாளைக்கு அது வளர்ந்து, அம்மா அலறியதையும் அப்பாவிடம் தான் கேட்ட கேள்வியையும் எந்தக் குடும்பச் சண்டையிலாவது யாராவது அனுப்பிவைத்துக் கேட்க நேரலாம். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, இந்த வழக்கு நடவடிக்கைகள் மூடிய அறையில் நடக்க வேண்டும், அச்சிடவோ வெளியிடவோ கூடாது என்கிறது. மீறினால் தண்டனை, அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். 

இரண்டு மூன்று ஜூனியர்களிடம் நான் தொடர்ந்து சொல்லி வருகிறேன்: உடன்பாட்டுப் பத்திரத்தில் நகைக்கும் பாத்திரத்துக்கும் பட்டியல் போடுகிறீர்களே, பதிவுகளுக்கும் போடுங்கள். எந்தெந்தக் கோப்பு, யார் யாரிடம் நகல் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் அழிக்கப்படும், அழித்ததற்கு இரு தரப்பும் பிரமாண வாக்குமூலம் தருவார்களா என்று எழுதுங்கள். கிளவுடில் தானாகச் சேமிக்கப்பட்டதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு பெண் வக்கீல் சமீபத்தில் அப்படி ஒரு பத்தி சேர்த்து எனக்குப் படித்துக் காட்டினார். எதிர்த்தரப்பு முதலில் மறுத்திருக்கிறது. பிற்காலத்தில் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று கேட்டார்களாம். "பிரிந்த பிறகு எதற்குத் தேவைப்படும் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை அக்கா. கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்" என்றார். அந்தப் பத்தியின் நகலை வாங்கி வைத்திருக்கிறேன். கேட்கிற எந்த வக்கீலுக்கும் கட்டணம் இல்லாமல் தட்டச்சு செய்து தருகிறேன்.